விமானப் பாதுகாப்புக்கான வானிலைத் தகவல் அமைப்பு: அடித்தளத்திலிருந்து கட்டுவது எப்படி?

1985 ஆகஸ்ட் 2 மாலை. டாலஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் இறங்க வந்த டெல்டா 191 விமானத்துக்கு நேர் முன்னால் ஓர் இடிமேகம் நின்றது. அதிலிருந்து மின்னல் இறங்குவதைத் துணை விமானி கண்ணால் பார்த்தார். நிலையத்தில் காற்றுமானிகள் இருந்தன, அவற்றை வைத்து எச்சரிக்கை தரும் அமைப்பும் இருந்தது. ஆனால் மேகத்திலிருந்து கொட்டிய காற்று, அந்தக் காற்றுமானிகளின் எல்லைக்கு வெளியே, ஓடுபாதைக்கு வடக்கே தரையில் மோதியது. விமானம் விழுந்த பிறகுதான் எச்சரிக்கை வந்தது. 137 பேர் இறந்தார்கள்.

இதற்குப் பத்து வருடம் முன்பே, 1975 ஜூனில், நியூயார்க்கில் ஈஸ்டர்ன் 66 விமானம் இதே மாதிரி விழுந்து 113 பேர் இறந்திருந்தார்கள். அதை ஆராய்ந்த வானிலை விஞ்ஞானி டெட்சுயா ஃபுஜிட்டா, மேகத்திலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையில் எல்லாத் திசையிலும் சிதறும் காற்றுதான் காரணம் என்றார். அப்போது பலர் நம்பவில்லை. 1982ல் நியூ ஆர்லியன்ஸ் அருகே பான் ஆம் 759 விழுந்து 153 பேர் போனார்கள். அறிவியல் தெரிந்திருந்தது, கருவிகளும் ஓரளவு இருந்தன. தகவல் மட்டும் சரியான ஆளுக்கு, சரியான நிமிடத்தில் போய்ச் சேரவில்லை.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். வானிலைத் தகவல் பால் மாதிரி, வைத்திருந்தால் கெட்டுப்போகும். எவ்வளவு துல்லியம் என்று கேட்பதற்கு முன்னால், இது எத்தனை நிமிடம் பழசு, யார் கையில் இருக்கிறது, அதை வைத்து அவர் எடுக்க வேண்டிய முடிவுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அமைப்பின் ஒவ்வொரு பகுதியையும் அந்தக் கேள்வியை வைத்தே கட்டுவோம்.

படி 1: கருவியிலிருந்து அல்ல, முடிவிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான திட்டங்கள் "எந்த ரேடார் வாங்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. அதைத் தள்ளி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, யார், என்ன முடிவு, எவ்வளவு நேரத்துக்குள், எந்த வழியாகத் தகவல் பெறுகிறார் என்று நான்கு நெடுவரிசையாக எழுதுங்கள்.

தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் இருக்கும் விமானிக்கு ஒரே முடிவுதான்: இறங்குவதா, மேலே எழும்பித் திரும்பச் சுற்றி வருவதா. அதற்கு அவருக்கு அரை நிமிடம் இருந்தால் அதிகம். படம் பார்க்க நேரமில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு வாக்கியம் காதில் விழும், அவ்வளவுதான். கோபுர மேற்பார்வையாளருக்கு ஓடுபாதைத் திசையை மாற்றுவதுதான் கவலை. காற்று திரும்பப் போகிறது என்று இருபது நிமிடம் முன்னால் தெரிந்தால், வரிசையில் இருக்கும் விமானங்களைப் பதற்றமில்லாமல் மாற்றிவிடலாம். நடுவானில் பறப்பவர்கள் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை முன்னால் பார்க்க வேண்டும். விமான நிறுவனத்தின் பயணத் திட்ட அலுவலர் பல மணி நேரம் முன்பே எவ்வளவு எரிபொருள், எது மாற்று நிலையம் என்று முடிவு செய்கிறார்.

நான்கு பேருக்கும் ஒரே படத்தைக் கொடுத்தால் நான்கு பேருக்கும் அது உதவாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இந்தத் தகவல் அதிகபட்சம் எத்தனை நிமிடம் பழசாக இருக்கலாம்?" என்று ஓர் எண் போடுங்கள். பின்னால் எடுக்கும் எல்லாத் தொழில்நுட்ப முடிவும் இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

படி 2: கண்களைப் பொருத்துதல்

காற்றிலிருந்து தொடங்கலாம். ஓடுபாதைக்கான காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில், விமானம் தரை தொடும் பகுதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரிய கட்டடத்தின் நிழலில் நின்றால், அது அளப்பது கட்டடத்தின் காற்றை, ஓடுபாதையின் காற்றை அல்ல. தரையிறங்கும் விமானிக்குச் சொல்வது 2 நிமிடச் சராசரி. மெட்டார் எனப்படும் வழக்கமான அறிக்கையில் போவது 10 நிமிடச் சராசரி. இரண்டும் ஒரே கருவியிலிருந்து வந்தாலும் வேறு வேறு எண்கள். திரையில் இவற்றைக் குழப்பி வைத்த அமைப்புகள் உண்டு.

காற்றழுத்தம் பார்ப்பதற்குச் சின்ன எண். அதன் தவறோ பெரியது: விமானத்தின் உயரமானி அதை வைத்தே உயரம் காட்டுகிறது. கடல் மட்டத்துக்கு அருகில் 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 28 அடி உயரம். 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் து கோல் நிலையத்தில் 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று ஒரு விமானத்துக்குச் சொல்லப்பட்டது. அழுத்தமானியில் எந்தக் கோளாறும் இல்லை, சொல்லில்தான் பிழை. விமானம் காட்டிய உயரத்தைவிடச் சுமார் 280 அடி தாழ்வாக இறங்கி, ஓடுபாதைக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை வந்து மேலேறியது. ஆகவே அழுத்தமானியை இரட்டையாக வைப்பது பாதி வேலைதான். விமானத்தில் அமைக்கப்பட்டு, டிரான்ஸ்பாண்டர் என்ற பதில் அலைபரப்பி வழியாகத் தரைக்கு வரும் அழுத்த மதிப்பை நிலையத்தின் மதிப்புடன் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்லும் சோதனையையும் சேர்த்தே வடிவமையுங்கள்.

மேக அடித்தளம் அளக்கும் லேசர் கருவி தன் தலைக்கு நேர் மேலே உள்ள மேகத்தை மட்டுமே பார்க்கும். பார்வைத் தூரக் கருவியும் தான் நிற்கும் இடத்து மூடுபனியை மட்டுமே அறியும். நீண்ட ஓடுபாதையின் ஒரு முனையில் தெளிவாகவும் மறுமுனையில் ஒன்றுமே தெரியாமலும் இருப்பது சாதாரணம். தொடும் இடம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் வைப்பது அதனால்தான்.

அப்புறம் ரேடார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தொலைவில் இருக்கும் பெரிய வானிலை ரேடார் எல்லாவற்றையும் பார்க்கும் என்று நினைப்பது தவறு. ரேடார் கதிரை அரை டிகிரி உயர்த்தி வைத்தால், பூமியின் வளைவும் சேர்ந்து, 100 கிலோமீட்டர் தள்ளி அதன் மையம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் போகும். மைக்ரோபர்ஸ்ட் எனப்படும், மேகத்திலிருந்து கொட்டும் அந்தக் காற்று சிதறுவதோ தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள். அந்த ரேடாருக்கு அது தெரியவே தெரியாது. ரேடாரை நிலையத்துக்கு நடுவிலேயே வைத்தால் தலைக்கு மேலே குருடு. இறங்கும் பாதையைப் பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் பார்க்கும்படி, நிலையத்திலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடாரை வைக்கும் வழக்கம் இதனால் வந்தது. கனமழையில் குறுகிய அலைநீள ரேடாரின் சக்தி கரைந்துபோவதையும் கணக்கில் எடுங்கள். அருகில் பெய்யும் மழைக்குப் பின்னால் இருக்கும் பெருமழை, படத்தில் வலுவிழந்து தெரியும்.

குறுகிய தூரத்தில் காற்றின் வேகமோ திசையோ திடீரென மாறுவதுதான் விண்ட் ஷியர். மழையே இல்லாமலும் அது வரும், மலைக்குப் பின்புறம் சுழலும் காற்றில். அதற்கு ரேடாரைவிட லேசரால் காற்றை அளக்கும் லிடார் ஏற்றது. மலையடிவாரத்தில் இருக்கும் ஹாங்காங் நிலையத்தில் 2002லேயே இதைப் பொருத்தினார்கள். ஆனால் மழையிலும் மூடுபனியிலும் லிடார் பார்வையிழக்கும். ஆகவே ரேடாரும் லிடாரும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்காது, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

பறக்கும் விமானங்களே நல்ல கருவிகள். அவை அனுப்பும் காற்று, வெப்பநிலை அளவீடுகள் இன்றைய முன்னறிவிப்பு மாதிரிகளுக்கு முக்கியமான தீனி. காற்றுக் குலுக்கலைப் பொறுத்தவரை விமானியின் சொல்லை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு: பெரிய விமானத்தில் இருப்பவர் "லேசான குலுக்கல்" என்பார், அதே இடத்தில் சிறிய விமானத்தில் இருப்பவர் "கடுமை" என்பார். இ.டி.ஆர். எனப்படும் அளவு விமானத்தைச் சாராமல் காற்றின் கொந்தளிப்பையே சொல்கிறது. முடிந்தவரை அதைக் கேட்டுப் பெறுங்கள்.

ரேடார் காட்டாத ஆபத்துகளையும் மறக்க வேண்டாம். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9ன் நான்கு என்ஜினும் நின்றன. விமானியின் ரேடாரில் ஒன்றுமே தெரியவில்லை. மழைத்துளிகளைப் பார்க்கச் செய்த ரேடாருக்கு அந்த நுண்துகள் தெரியாது. இறங்கிய உயரத்தில் என்ஜின்கள் மறுபடி ஓடியதால் எல்லோரும் தப்பினார்கள். இன்று உலகை ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் பிரித்துப் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் அமைப்பு அவற்றின் அறிவிப்புகளை நேரடியாக வாங்க வேண்டும். உறைபனியும் இப்படித்தான்: 1994ல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே 68 பேர் இறந்த ஏ.டி.ஆர். விமான விபத்துக்குப் பிறகுதான், உறைநிலைக்குக் கீழேயும் திரவமாகவே இருக்கும் பெரிய துளிகளைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

படி 3: நேர முத்திரை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு அளவீட்டோடும் மூன்று நேரம் போக வேண்டும்: அளந்த நேரம், தயாரான நேரம், பெறுபவர் கையில் கிடைத்த நேரம். எல்லாம் ஒருங்கிணைந்த உலக நேரத்தில். திரையில் பெரிதாகக் காட்ட வேண்டியது முதலாவதை. பெரும்பாலான அமைப்புகள் இரண்டாவதையோ மூன்றாவதையோ காட்டுகின்றன.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேடார் ஒரு முழுச் சுற்று முடிக்க 5 நிமிடம். பல ரேடார்களின் படங்களைத் தைத்து ஒன்றாக்க இன்னும் 5. விமானத்துக்கு ஏற்றும் முறை வர இன்னும் 5. விமானி பார்க்கும்போது மூலையில் "1 நிமிடம் முன்" என்று இருக்கிறது, ஏனென்றால் ஒட்டுப்படம் விமானத்துக்கு வந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. உள்ளே இருக்கும் மழை 15 நிமிடத்துக்கும் மேல் பழசு. 30 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் நகரும் இடிமேகம் 15 நிமிடத்துக்குள் ஏழரைக் கடல் மைல், அதாவது சுமார் 14 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தில் இரண்டு மேகங்களுக்கு நடுவே தெரியும் இடைவெளி இப்போது அங்கே இல்லை. அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. 2012லேயே இதை எச்சரித்தது: மிக மோசமான சந்தர்ப்பங்களில் படத்தின் உண்மையான வயது, திரையில் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் அதிகமாக இருக்கலாம் என்றது.

அதனால் நடைமுறையில் செய்ய வேண்டியவை: ஒட்டுப்படத்தின் வயதாக அதில் உள்ள மிகப் பழைய துண்டின் வயதையே போடுங்கள். எல்லாச் சர்வர்களின் கடிகாரத்தையும் ஒரே மூலத்தோடு ஒத்திசைத்து, விலகினால் அலாரம் அடிக்க வையுங்கள். படி 1ல் எழுதிய வயது வரம்பைத் தாண்டிய தகவல் தானாகவே மங்க வேண்டும், அதையும் தாண்டினால் திரையை விட்டுப் போக வேண்டும்.

படி 4: தரச் சோதனை

எல்லை தாண்டிய மதிப்பு, திடீர்த் தாவல், அண்டை கருவியோடு முரண்பாடு என்று வழக்கமான சோதனைகள் போதும். ஒன்றில் மட்டும் கவனம். சில விநாடியில் காற்று 40 நாட் தாவினால் சாதாரணச் சோதனை அதைக் கோளாறு என்று எறிந்துவிடும். மைக்ரோபர்ஸ்ட் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். ஆகவே எதையும் அழிக்காதீர்கள். சந்தேகக் குறி போட்டு வைத்து, எச்சரிக்கைக் கணக்குக்கு மூல மதிப்பையும் கொடுங்கள்.

படி 5: முன்னறிவிப்பு

அடுத்த ஒரு மணி நேரத்துக்கு, இருக்கும் மழையை அது நகரும் திசையில் தள்ளிப் பார்ப்பதே நன்றாக வேலை செய்யும். அந்த முறை தடுமாறுவது புதிய மேகம் பிறக்கும்போதும் பழையது சாகும்போதும். இரண்டு மணி தாண்டினால் கணினி மாதிரிகள் முந்தும். நடுவில் இரண்டையும் எடை போட்டுக் கலக்க வேண்டும், எடை நேரத்தோடு மாற வேண்டும். நெடுந்தூரப் பயணத்துக்கான உயர்மட்டக் காற்று, வெப்பநிலையை நீங்கள் கணிக்க வேண்டியதில்லை. லண்டன், வாஷிங்டன் ஆகிய இரண்டு உலகப் பகுதி முன்னறிவிப்பு மையங்கள் தருகின்றன.

நிகழ்தகவைத் தயங்காமல் கொடுங்கள், ஆனால் ஆளுக்குத் தகுந்தபடி. "மாலை 6 மணிக்கு மூடுபனி வர 30 சதவீத வாய்ப்பு" என்பது எரிபொருள் கணக்கிடும் அலுவலருக்குத் தங்கம். தரையிறங்கிக்கொண்டிருக்கும் விமானிக்கு அது வெறும் சத்தம்.

படி 6: எண்ணை எச்சரிக்கையாக்குதல்

ஒரு விமானம் 140 நாட் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 25 நாட் எதிர்க்காற்று. மூக்கு தூக்குகிறது, விமானம் பாதைக்கு மேலே போகிறது, விமானி இயல்பாகவே சக்தியைக் குறைக்கிறார். நடுவில் கீழ்நோக்கிய காற்று. பிறகு 25 நாட் பின்காற்று. மூன்று கிலோமீட்டருக்குள், காற்றை ஒப்பிட்ட வேகத்தில் 50 நாட் இழப்பு. கடக்க எடுக்கும் நேரம் முக்கால் நிமிடத்தை ஒட்டித்தான். குறைத்த என்ஜின் முழு சக்திக்கு வரச் சில விநாடி பிடிக்கும். மைக்ரோபர்ஸ்ட்டின் விட்டம் 4 கிலோமீட்டருக்குள், உச்சம் நிற்பது சில நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் ரேடார் இதற்கு ஏன் உதவாது என்று இப்போது புரிந்திருக்கும். டெல்டா 191க்குப் பிறகு அமெரிக்க நிலையங்களுக்காக உருவான டாப்ளர் ரேடார், தரையை ஒட்டிய காற்றை நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கிறது.

அந்த ரேடார்களோடு வந்த எச்சரிக்கை விதிகள் எளிமையானவை: இழப்போ லாபமோ 15 நாட்டை எட்டினால் விண்ட் ஷியர் எச்சரிக்கை, இழப்பு 30 நாட்டை எட்டினால் மைக்ரோபர்ஸ்ட் எச்சரிக்கை. இறங்கும் பாதையில் மூன்று கடல் மைல், ஏறும் பாதையில் இரண்டு, அகலம் ஒன்று என்று பெட்டிகளாகப் பிரித்து, ஆபத்து முதலில் எந்தப் பெட்டியில் எதிர்ப்படும் என்று சொல்கிறது. கட்டுப்பாட்டாளர் எதையும் கணக்கிட வேண்டாம். ஓடுபாதை எண், ஆபத்தின் பெயர், எத்தனை நாட் இழப்பு, எத்தனை மைலில். திரையில் வருவதை அப்படியே வாய்விட்டு வாசிக்கலாம். உங்கள் எச்சரிக்கையையும் உரக்கப் படித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அது நீளம்.

படி 7: அனுப்புதல்

மெட்டார், டாஃப் (விமான நிலைய முன்னறிவிப்பு), சிக்மெட் (ஆபத்தான வானிலை எச்சரிக்கை) போன்றவை டெலிபிரிண்டர் காலச் சுருக்கெழுத்தில் பிறந்தவை. 2020 நவம்பரிலிருந்து பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி இவை ஐ.டபிள்யூ.எக்ஸ்.எக்ஸ்.எம். என்ற எக்ஸ்.எம்.எல். வடிவிலும் போக வேண்டும். கணினிக்கு வசதி, ஆனால் அளவு பல மடங்கு பெருக்கும். தரைக் கட்டமைப்புக்கு முழு வடிவம், விமானத்துக்கு ஏற்றும் குறுகிய இணைப்புக்குச் சுருக்கிய வடிவம் என்று இரண்டு வழி வையுங்கள். அவசர எச்சரிக்கை, பெரிய படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கக் கூடாது.

படி 8: திரை

நான் வேலை செய்த ஒரு திட்டத்தில், ஒரு மதியம் ரேடார் இணைப்பு அறுந்துபோனது. திரை வெறுமையானது. பத்து நிமிடத்துக்கும் மேலாக அறையில் இருந்த எல்லோரும் வானம் தெளிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே பார்த்தவர்தான் சொன்னார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை.

"மழை இல்லை" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் திரையில் ஒருபோதும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. ரேடார் எட்டாத பகுதி, மழைக்குப் பின்னால் மறைந்த பகுதி, இணைப்பு அறுந்த பகுதி எல்லாவற்றையும் கோடு போட்ட சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். சிவப்பை நிஜ ஆபத்துக்கு மட்டும் வையுங்கள். நிறக்குருடு உள்ளவரும் படிக்கும்படி வடிவத்தையும் சேருங்கள். பகல் வெளிச்சத்திலும் இருட்டிலும், நிஜக் கட்டுப்பாட்டாளர்களை உட்கார வைத்துச் சோதியுங்கள்.

படி 9: சோதனையும் ஒப்படைப்பும்

தரையில் இயங்கும் விமானப் போக்குவரத்து மென்பொருளுக்கு டி.ஓ. 278ஏ என்ற தரநிலை உண்டு. அதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது, முதல் நாளிலிருந்தே ஆவணங்களைச் சேருங்கள். மின்சாரம், பிணையம், சர்வர் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். அமைப்பு மௌனமாகச் சாகக் கூடாது, தான் செத்ததைச் சொல்ல வேண்டும்.

பழைய அமைப்புக்குப் பக்கத்திலேயே குறைந்தது எல்லாப் பருவங்களையும் பார்க்கும் அளவுக்கு இணையாக ஓடவிடுங்கள். வெயில் காலத்தில் மட்டும் சோதித்த மூடுபனி எச்சரிக்கையால் என்ன பயன்? இரண்டு எண்ணைத் தொடர்ந்து கணக்கிடுங்கள்: நடந்த ஆபத்தில் எத்தனையைப் பிடித்தோம், எழுப்பிய எச்சரிக்கையில் எத்தனை பொய். மைக்ரோபர்ஸ்ட்டுக்கான டாப்ளர் ரேடாருக்கு வைத்த இலக்கு, 90 சதவீதம் பிடிக்க வேண்டும், பொய் 10 சதவீதத்துக்குள் என்பது. பொய் கூடினால் விமானிகள் சில வாரத்திலேயே காது கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற வருடங்கள் ஆகும்.

பயிற்சியில் கருவியின் பெருமையைப் பேசாதீர்கள். அது எப்போது தவறும் என்று காட்டுங்கள்: இந்த ரேடாரின் குருட்டுப் பகுதி இது, இந்தப் படம் இத்தனை நிமிடம் பழசாகும், இந்த மலைக்காற்றை லிடார் மழையில் பார்க்காது. விமானிகள் வானொலியில் சொல்லும் அறிக்கைகளைப் பதிவு செய்யச் சில தட்டல்களுக்கு மேல் தேவைப்பட்டால், வேலை நெருக்கடியில் யாரும் பதிவு செய்ய மாட்டார்கள்.

அமைப்பு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மூலத் தரவு முழுவதையும், எழுப்பிய ஒவ்வொரு எச்சரிக்கையையும், அது யார் திரையில் எந்த விநாடியில் தெரிந்தது என்பதையும் சேமித்து வையுங்கள். மோசமான நாட்களைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும், அந்த நாட்களை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, எச்சரிக்கை முன்பைவிட ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை என்று உறுதியான பிறகே கோபுரத்துக்கு அனுப்புங்கள்.